அட்டெண்டர் யாரும்மா?

சர்க்கரை வியாதியில் இந்தியாவிலேயே முதல் மூன்று இடங்கள் யாருக்கு, சொல்லுங்கள் பார்ப்போம். அல்வாவுக்குப் பேர்போன திருநெல்வேலியை வைத்திருக்கும் தமிழ்நாடு? ரசகுல்லா வங்காளம்? இரண்டும் இல்லை. கோவா, புதுச்சேரி, கேரளா!

2023 ஜூனில் 'லான்செட்' குழுமத்தின் சர்க்கரை நோய்ப் பத்திரிகையில் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின் கணக்கு இது. கோவா 26.4 சதவிகிதம். துளி வித்தியாசத்தில் புதுச்சேரி 26.3. அடுத்து கேரளா 25.5. நாட்டின் சராசரி 11.4தான். இருபது வயசு தாண்டிய நாலு புதுச்சேரிக்காரர்களை வரிசையாக நிறுத்தினால், அதில் ஒருவருக்குச் சர்க்கரை.

சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமான வேலை. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் கைகோத்து, 2008-ல் ஆரம்பித்து 2020 வரை, மாநிலம் மாநிலமாக வீடு ஏறி இறங்கி, 1,13,043 பேரைப் பார்த்திருக்கிறார்கள். அதில் 79,506 பேர் கிராமத்து ஜனங்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி குத்தி, இடுப்பை அளந்து, பிரஷர் பார்த்து... நம் ஊரில் இவ்வளவு பொறுமையாக நடக்கிற வேலைகள் கம்மி.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நாலு பேரில் ஒருத்தருக்கு வியாதி. சரி. மீதி மூன்று பேர் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? அந்த மூன்றில் ஒருத்தர், முதல் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவரை எந்த இன்ச் டேப்பால் அளப்பது?

வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே இருக்கிறது கரிக்கலாம்பாக்கம். நெல்லும் கரும்பும் விளைகிற வட்டாரம். அங்கே அரசாங்கத்தின் சமுதாய நலவழி மையம் ஒன்று உண்டு. இந்த மாதிரி ஓர் ஆஸ்பத்திரி வாசலில் காலையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வயசானவர்கள் யாரும் தனியாக வருவதில்லை. இரண்டு பேராகத்தான் இறங்குகிறார்கள். ஒருத்தர் வியாதிக்காரர். இன்னொருத்தர் ஒயர் கூடை, பழைய சீட்டுகள், தண்ணீர் பாட்டில் சகிதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் பெண். மனைவி, மகள், மருமகள்.

ஆஸ்பத்திரி பாஷையில் இவருக்குப் பேர் 'அட்டெண்டர்'. "அட்டெண்டர் யாரும்மா?" என்று நர்ஸ் குரல் கொடுத்தால் ஓடி வர வேண்டியவர். சீட்டு எழுத, மாத்திரை வாங்க, லேபுக்கு ரத்தம் கொண்டுபோக, ட்ரிப்ஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்ல, வீல்சேர் தள்ள. டூட்டி நேரம் கிடையாது. சம்பளம் கிடையாது. உட்கார நாற்காலிகூடப் பல இடங்களில் கிடையாது. ஆனால், இவர் மட்டும் ஒரு நாள் ஸ்ட்ரைக் செய்தால் இந்த நாட்டின் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் மத்தியானம்வரை தாங்காது!

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாமியாருக்கு அறுபத்தைந்து வயசு. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. உள்ளங்காலில் ஒரு புண். ஆறவே மாட்டேன் என்கிறது. மருமகள் விடியற்காலையில் எழுந்து பாலைக் காய்ச்சுவதற்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடென்றால் ஊசி மருந்து மண்பானைத் தண்ணீரில் இருக்கும். எல்லோருக்கும் சோறு, மாமியாருக்குத் தனிச் சமையல். புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். அந்த நாற்றத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் மாற்ற வேண்டும். அது தனி வித்தை. பகலில் கிழவி யாருக்கும் தெரியாமல் அச்சுவெல்லம் தின்றால், ராத்திரி மகன் வந்து திட்டுவது அம்மாவை அல்ல, பெண்டாட்டியை. "நீ என்ன பார்த்துக்கிட்டிருந்த?" வாரம் ஒரு தடவை உள்ளூர் ஆஸ்பத்திரி, மாசம் ஒரு தடவை கோரிமேட்டு ஜிப்மர். ஜிப்மருக்குப் போனால் அன்றைக்குப் பொழுது அவ்வளவுதான். களையெடுக்கப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியும் அவ்வளவுதான்.

இதில் வியாதி யாருக்கு? மாமியாருக்கு. 26.3-ல் அவர் சேர்த்தி. மருமகள் எதில் சேர்த்தி?

ஆராய்ச்சிக்காரர்கள் இவரைக் கண்டுகொள்ளவே இல்லையா என்று கேட்பீர்கள். கண்டுகொண்டிருக்கிறார்கள். அதுவும் நாற்பது வருஷத்துக்கு மேலாக! வேடிக்கையே அதுதான்.

1980-ல் ஸ்டீவன் சாரிட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் மறதி நோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கேட்பதற்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். முதலில் 29 கேள்வி. பிறகு 22 ஆகச் சுருங்கியது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க். மொத்தம் 88. உலகம் முழுக்க இன்றைக்கும் 'பராமரிப்பவர் சுமை' என்று யாராவது கட்டுரை எழுதினால் உள்ளே இந்தத் தராசு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அதற்கு மறு வருஷமே, 1981-ல், பெங்களூரு நிம்ஹான்ஸில் ஷைலா பாயும் ஆர்.எல். கபூரும் மனநோயாளிகளின் குடும்பச் சுமையை அளக்க நம் ஊருக்கென்று ஒரு கேள்விப் பட்டியல் செய்து, பிரிட்டிஷ் மனநலப் பத்திரிகையில் வெளியிட்டுவிட்டார்கள். வருமானம் போச்சா, வீட்டு வேலை கெட்டதா, பொழுதுபோக்கு போச்சா, வீட்டில் மற்றவர்கள் உடம்பு என்னாச்சு என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிற பட்டியல். அமெரிக்கா எங்கேயோ, நாம் எங்கேயோ என்று எப்போதும் புலம்புகிறோமே, இந்த ஒரு விஷயத்தில் நாம் பின்தங்கியதே இல்லை.

சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஆரம்பித்த, மனச்சிதைவு நோய்க்கான அமைப்பு. அங்கே டாக்டர் தாராவும் சகாக்களும் குடும்பத்தாரையே உட்காரவைத்துப் பேசவிட்டு, அவர்கள் வாயிலிருந்து வந்ததை வைத்து 40 கேள்விகளில் ஓர் அளவுகோல் செய்தார்கள். 1998-ல் வெளியானது. கணவனோ மனைவியோ நோயாளியானால் தாம்பத்தியம் என்ன ஆகிறது என்பதுவரை அதில் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து மூன்று மார்க் என்பதால் சுமையே இல்லாத பாக்கியசாலிக்கும் 40 கிடைத்துவிடும். வீட்டில் ஒரு தீராத வியாதி இருந்தால் பூஜ்யம் என்பதே கிடையாது என்று புரிந்துதான் அப்படி வைத்தார்களோ என்னவோ!

ஆக, தராசு இருக்கிறது. ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது. நிறுத்துப் பார்க்க ஆட்களும் இருக்கிறார்கள். புதுச்சேரியில் அந்த ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாவட்டத்தின் ஜனத்தொகை ஒன்பதரை லட்சம். இந்தச் சின்ன ஊருக்கு ஜிப்மரையும் சேர்த்து ஏழெட்டு மருத்துவக் கல்லூரிகள். அரியூர், மதகடிப்பட்டுப் பக்கம் கலிதீர்த்தாள்குப்பம், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் என்று வில்லியனூர், பாகூர் வட்டாரத்தைச் சுற்றியே பல. மேல்படிப்புப் படிக்கிற ஒவ்வொரு டாக்டரும் ஓர் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும், அது விதி. சமுதாய மருத்துவம் படிக்கிறவர் எங்கே போவார்? பக்கத்துக் கிராமத்துக்குத்தான்.

அப்படி ஒரு டாக்டர் தம்பி நம் மருமகள் வீட்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். மாமியார் கூடத்தில் கட்டிலில் படுத்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. காது? அது திறந்துதான் இருக்கும்.

"அக்கா, இவங்களைப் பார்த்துக்கிறதால உங்களுக்கு நேரம் இல்லாமப் போகுதா?"

"அப்படில்லாம் ஒண்ணுமில்ல தம்பி."

"இவங்க பக்கத்துல இருக்கும்போது கோபம் வருமா?"

மருமகள் கட்டிலை ஒரு பார்வை பார்க்கிறார். "அய்யோ, அதெல்லாம் எதுக்கு வருது? நம்ம வீட்டுப் பெரியவங்க..."

"உங்க உடம்பு பாதிக்கப்பட்டிருக்கா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். டீ குடிக்கிறீங்களா?"

பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கூட்டிப் பார்த்தால் 'சுமை இல்லை அல்லது மிகக் குறைவு'. கட்டுரை வரும்: 'இந்தியக் குடும்ப அமைப்பின் வலிமையால் பராமரிப்பவரின் சுமை குறைவாகக் காணப்படுகிறது.' எல்லோரும் இப்படியே எழுதுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆய்வாளர்கள் அந்தப் பெண்ணைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்த் தனியாகக் கேட்கிறார்கள். ஆனால், நம் வீடுகளில் 'தனியாக' என்று ஓர் இடம் கிடைப்பதே கஷ்டம் இல்லையா? ஒரே கூடம், ஒரே மின்விசிறி, எல்லாக் காதும் அங்கேதான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அது அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. சுமை!

நம் ஊரில் எந்தக் கிழவரையாவது கோயில் வாசலில் நிறுத்தி, "என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வது ஒன்றுதான். "படுக்கையில விழாமப் போய்ச் சேரணும். யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது." சாவைவிடப் பெரிய பயம் அது. அந்தப் பயத்தையே தலைப்பாக வைத்து ஒருத்தர் பேனாவோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 'இவர் எவ்வளவு பாரம்?' என்று இருபத்திரண்டு விதமாகக் கேட்டால் படுத்திருப்பவருக்கு எப்படி இருக்கும்? ஆராய்ச்சியின் நோக்கம் நல்லதுதான். ஆனால், நோயாளியின் காதில் அது குற்றப்பத்திரிகை மாதிரிதான் விழும். அன்றைக்கு ராத்திரி அந்தக் கிழவி, "எனக்கு ஊசி வேணாம், சோறு வேணாம்" என்று முரண்டு பிடித்தால் என்ன காரணம் என்று எந்த ஆய்வேட்டிலும் இருக்காது.

பாரம் யார்? கிழவியா? என்னைக் கேட்டால் கிழவி இல்லை. பஸ்ஸுக்காக நிற்கிற இரண்டு மணி நேரம் பாரம். ஒரே மாத்திரைக்காக மாசா மாசம் வரிசையில் நிற்பது பாரம். வீட்டில் மற்ற மூன்று பேர் இருந்தும் கட்டு மாற்றுகிற வேலை ஒரே ஆள் தலையில் விழுவது பாரம். கேள்வித்தாள் இவற்றைப் பிரித்துக் கேட்பதில்லை. மொத்தமாகக் கட்டி, நோயாளியின் கணக்கில் எழுதிவிடுகிறது.

கணக்கு என்றதும் என் பழைய புத்தி தலைகாட்டுகிறது. நான் படித்தது பி.காம். முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்: ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டேலி ஆகாது. மருத்துவப் பொருளாதாரம் இந்த விஷயத்தில் கொஞ்சம் பலவீனம். பணத்தை நன்றாக எண்ணுகிறது. 2007-ல் சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய்ச் செலவைக் கணக்கிட்டார்கள். நகரத்து ஏழைக் குடும்பம் வருமானத்தில் 34 சதவிகிதத்தையும், கிராமத்து ஏழைக் குடும்பம் 27 சதவிகிதத்தையும் இந்த ஒரு வியாதிக்குக் கொடுக்கிறது. அதிர்ச்சியான கணக்கு. கையைவிட்டுப் போன காசைத் தேடிப் பிடித்து எழுதிவிட்டார்கள். அந்தக் காசு மிச்சமாக வேண்டும் என்பதற்காக நர்ஸ் வேலை, ஆயா வேலை, சமையல் வேலை மூன்றையும் இலவசமாகச் செய்தாரே ஒருத்தர், அந்த உழைப்பு எந்தப் பக்கம்?

1993-ல் உலக வங்கி தன் ஆண்டு அறிக்கையில் 'டாலி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு வியாதியால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று அளக்கிற நவீன முறை. சீக்கிரம் செத்ததால் போன வருஷங்கள், முடங்கிக் கிடந்ததால் போன வருஷங்கள், இரண்டையும் கூட்டு. தீர்ந்தது. எந்த வியாதிக்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்று உலகமே இன்றைக்கு இதை வைத்து வாதாடுகிறது. வியாதிக்காரர் முடங்கிய வருஷம் அதில் உண்டு. அவரைத் தூக்கி உட்காரவைத்து முதுகு போன மருமகளின் வருஷம் கிடையாது. டாலி, டேலி ஆகவில்லை சார்!

நம் அரசாங்கம் நேரத்தை எண்ணிப் பார்த்ததுண்டு. 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயசு வரையுள்ள பெண்களில் 41 சதவிகிதம் பேர் வீட்டிலுள்ளவர்களைச் சம்பளமில்லாமல் பராமரிக்கிறார்கள். அப்படிச் செய்கிறவர் ஒருத்தர் தினம் 140 நிமிஷம் செலவிடுகிறார் என்று வந்தது. ஆண்களில் 21.4 சதவிகிதம் பேர், 74 நிமிஷம். இதில் குழந்தை வளர்ப்பும் சேர்ந்திருக்கிறது. அதனால் மொத்தத்தையும் வியாதிக் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும், யார் தலையில் விழுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 1976-ல், வேலையை விட்டுவிட்டு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு உதவித்தொகை கொண்டுவந்தார்கள். ஆஹா என்று தோன்றுகிறதா? பொறுங்கள். கல்யாணமான பெண்ணுக்குக் கிடையாது! அவள் எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறாள் என்ற எண்ணம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டார். கல்யாணமானவர் என்பதால் பணம் மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனார். 1986-ல் ஜெயித்தார். பத்து வருஷம்! அதுவும் கோர்ட்டுக்குப் போன பிறகுதான், கல்யாணமான பெண் செய்வதும் வேலைதான் என்று ஒரு பணக்கார தேசம் ஒப்புக்கொண்டது.

நம் சட்டமும் வாயளவில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தருகிற திட்டம் வேண்டும் என்று இருக்கிறது. கூடவே அதே பிரிவில், அரசாங்கத்தின் 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்றும் இருக்கிறது. அந்த ஒரு வரி போதாதா?

"அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு சார், நமக்குக் கூட்டுக் குடும்பம் இருக்கு" என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்கும் ஆராய்ச்சி பதில் வைத்திருக்கிறது. 10/66 என்று ஓர் ஆய்வுக் குழு. வளரும் நாடுகளில்தான் மறதி நோயாளிகளில் 66 சதவிகிதம் பேர். ஆனால், ஆராய்ச்சியில் 10 சதவிகிதம்கூட அங்கே நடப்பதில்லை. அந்தக் கோபத்தில் வைத்த பெயர். சென்னை, திருச்சூர் உட்படப் பல நாட்டு ஊர்களில் பார்த்துவிட்டு 2004-ல் எழுதினார்கள். வீட்டில் ஆட்கள் அதிகம் இருந்தால் பராமரிப்பவரின் கஷ்டம் கொஞ்சம் குறைகிறது, உண்மைதான். ஆனால், மொத்தத்தில் பார்த்தால் நம் பக்கத்துக் கஷ்டம் பணக்கார நாடுகளுக்குக் குறைந்ததே இல்லை. கூட்டுக் குடும்பத்தில் கூட்டமும் இருந்தது, குடும்பமும் இருந்தது. வேலை செய்தது ஒருத்தர்!

சரி, இத்தனை ஆராய்ச்சியில் உருப்படியாக ஏதாவது தேறியதா? தேறியது. இரண்டு கதை சொல்கிறேன்.

முதல் கதை பக்கவாதம். ஸ்ட்ரோக் வந்தவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க நம் நாட்டில் பிஸியோதெரபிஸ்ட்டுகள் போதாது. குடும்பத்தாருக்கே சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யவைத்தால் என்ன? லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் முதலானோர் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேர் வீட்டாருக்குப் பயிற்சி, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. 2017-ல் 'லான்செட்'டில் முடிவு வந்தது. ஆறு மாசம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் அடுத்தவர் உதவியில் வாழ்கிறவர்களும் இந்தப் பக்கம் 47 சதவிகிதம், அந்தப் பக்கமும் 47 சதவிகிதம். பலன் இல்லை. தோற்றுப்போன பரிசோதனையை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதற்கு ஒரு சல்யூட். ஆனால், இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சேதி வேறு. ஏற்கெனவே சமையல்காரி, நர்ஸ், ஆயா ஆகியிருந்தவரை பிஸியோதெரபிஸ்ட்டும் ஆக்கிப் பார்த்தார்கள். ஒரு மனுஷிக்கு இருப்பது இரண்டு கைதான்.

இரண்டாவது கதை கோவா. அதுவும் சர்க்கரையில் முதலிடம் பிடித்த அதே கோவாதான்! டாக்டர் அமித் டயஸ் குழுவினர் மறதி நோயாளிகள் உள்ள எண்பது சொச்சம் வீடுகளுக்கு, பெரிய படிப்பில்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். வேலை என்ன? போய் உட்காருவது. பராமரிப்பவர் சொல்வதைக் கேட்பது. நோயைப் பற்றிப் புரியவைப்பது. அரசு உதவி எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டுவது. வீட்டில் மற்றவர்களையும் கொஞ்சம் கை கொடுக்கச் சொல்வது. 2008-ல் வெளியான முடிவு: ஆறு மாசத்தில் பராமரிப்பவர்களின் மனநலம் தேறியிருந்தது. பெங்களூருவில் பாயும் கபூரும் 1980-களின் ஆரம்பத்திலேயே, மனநோயாளியின் வீட்டுக்கு ஒரு நர்ஸ் போய்வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதைவிட நோயாளியும் தேறுகிறார், குடும்பத்தின் பாரமும் குறைகிறது, செலவும் கம்மி என்று காட்டியிருந்தார்கள்.

ஆக, ஒரு கதையில் பராமரிப்பவரிடம் இன்னொரு வேலை கொடுத்தார்கள், நடக்கவில்லை. இன்னொரு கதையில் அவரைத் தேடி ஓர் ஆளை அனுப்பினார்கள், நடந்தது. இதைக் கண்டுபிடித்து நாற்பது வருஷம் ஆச்சு! இன்னும் நாம் 'சுமை எவ்வளவு?' என்றே எழுதிக்கொண்டிருந்தால், தாகம் என்றவனிடம் தண்ணீர் கொடுக்காமல் எத்தனை லிட்டர் தாகம் என்று கேட்கிற கதைதான். ஆய்வேட்டுக்கு அளப்பது சுலபம், இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். வீடு வீடாக ஆள் அனுப்பி, அது நடக்கிறதா என்று பார்ப்பதற்குப் பணம் வேண்டும், அரசாங்கம் வேண்டும். அந்த டாக்டர் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வழி காட்டுகிற பேராசிரியர்களைத்தான் கேட்கிறேன். ஒரே கேள்வித்தாளை வேறு வேறு கிராமத்தில் வைத்து வருஷா வருஷம் அச்சடிப்பதை நிறுத்தி, ஒரு கிராமத்தில் ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கிற ஆய்வேட்டுக்குக் கையெழுத்துப் போடக் கூடாதா?

கேரளாவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் ஆரம்பித்த வலி நிவாரண கிளினிக், ஊர் ஜனங்களின் கைக்குப் போய், 2008-ல் மாநில அரசின் கொள்கையே ஆனது. பஞ்சாயத்துப் பணத்தில் நர்ஸ் வீடு தேடி வருகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. மாத்திரையும் பிஸியோதெரபியும் வீட்டுக்கு வருகிறது என்றால், நம் மருமகளுக்கு ஒரு நாள் கூலி மிச்சம் என்று அர்த்தம்.

புதுச்சேரியில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. கேரளாவின் வண்டியை இழுப்பது பஞ்சாயத்து. இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அப்புறம் முப்பத்தெட்டு வருஷம் கழித்து 2006-ல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பிறகு மறுபடி நீண்ட மௌனம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் இருக்கும், ஆணையர் இருப்பார். "எங்க தெருவுல நாலு பேர் படுக்கையில இருக்காங்க, ஒரு நர்ஸை அனுப்பச் சொல்லுங்க" என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஓர் உறுப்பினர் இல்லாமல் வருஷங்கள் ஓடின. சர்க்கரை நோய்க்கும் உள்ளாட்சித் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இதுதான் சம்பந்தம்.

அதுவரை உங்களால் ஆகிற காரியம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் கேள்வித்தாளோடு யாராவது வருவார்கள். விரட்டாதீர்கள். டீ கொடுங்கள். ஆனால், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச மாட்டேன், வாசலுக்கு வாங்க என்று சொல்லுங்கள். ஐ.சி.எம்.ஆர் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இந்த ஆய்வு எதற்காக என்று உங்களுக்குப் புரிகிற மொழியில் அவர்கள் சொல்லியாக வேண்டும். பிடிக்காவிட்டால் நடுவில் எழுந்து போக உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் உங்கள் வீட்டு நோயாளியின் சிகிச்சைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. கையெழுத்து வாங்குகிற தாளில் ஆய்வாளரின் போன் நம்பர் இருக்கும். அதில் ஒரு பிரதி உங்களுக்கு உரியது. கேட்டு வாங்கிக் காலண்டர் ஆணியில் மாட்டிவையுங்கள். ஆறு மாசம் கழித்து, மத்தியானம் கை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், அந்த நம்பருக்குப் போன் போட்டு, "தம்பி, அன்னைக்கு வந்து கேட்டுக்கிட்டுப் போனீங்களே, என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.